மணவாளக்குறிச்சித் தோரியம் பூமிக்குள் ஏன் அமிழவில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற தாது உண்டு. அதற்குள் இருப்பது தோரியம் என்ற கதிரியக்க உலோகம். இரும்பைப்போல ஒன்றரை மடங்கு அடர்த்தி. பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்பு நடுவுக்கு இறங்கிவிட்டது. அதைவிடக் கனமான தோரியம் மட்டும் எப்படி மேலே தங்கியது?

சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன், பிறந்த சூரியனைச் சுற்றி வாயுவும் தூசும் தட்டையாகச் சுழன்றன. இதே போன்ற ஒரு தட்டைத்தான் சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி 2014-இல் எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி வளையம் வளையமாகப் படம் பிடித்தது. தூசுகள் மோதி ஒட்டிக் கூழாங்கல் அளவுக்கு வளர்வதில் சிரமமில்லை. அதற்குமேல்தான் சிக்கல். மோதினால் ஒட்டாமல் தெறிக்கும்; வாயுவின் உராய்வால் வேகம் குறைந்து சூரியனை நோக்கிச் சரியும். கற்கள் ஆங்காங்கே கும்பலாகத் திரண்டு, தம் ஈர்ப்பாலேயே சுருங்கிக் கிலோமீட்டர் கணக்கில் அகலமான குறுங்கோள்களாயின என்ற விளக்கம்தான் எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. அப்புறம் பெரியது சிறியதை இழுத்து விழுங்கும் கதை.

சீக்கிரம் பிறந்த குறுங்கோள்களை அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் சிதைந்து, உள்ளிருந்தே உருக்கியது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 7 லட்சம் ஆண்டுதான், ஆகவே வெப்பத்தை வேகமாகக் கொட்டித் தீர்த்தது. பூமி அளவுக்கு வளர்ந்தபின் பெரிய மோதல்கள் உருக்கின. அப்படி ஒன்றில்தான் நிலா பிறந்தது.

சரி, தோரியத்துக்கு வருவோம். கடல் அலை எடை பார்த்துப் பிரிக்கும்: லேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு கனமான கருமணலை விட்டுப்போகும். உருகிய பூமியில் எடையைவிட வேதி உறவே பெரிது. நிக்கலும் தங்கமும் இரும்போடு கலக்கும், அதனால் பெரும்பகுதி அதோடு இறங்கிவிட்டது. தோரியமோ ஆக்சிஜனை விடாது. பாறைக் குழம்பிலேயே நின்றுகொண்டது. அதன் அயனி பெரியது என்பதால் பூமியின் உள்பாறைப் படிகங்களில் எளிதில் இடம் கிடைக்காது. பாறை கொஞ்சம் உருகினாலும் அந்தக் குழம்போடு மேலேறிவிடும். இப்படிப் பலமுறை ஏறி மேலோட்டில் செறிந்தது. நம் மலைப்பாறைகள் மழையில் கரைய, வள்ளியாறு போன்ற ஆறுகள் மோனசைட்டைக் கடலுக்குக் கொண்டுவந்தன.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. அது சிதையும்போது வரும் வெப்பம், யுரேனியம், பொட்டாசியத்தின் வெப்பத்தோடு சேர்ந்து பூமியின் உள்வெப்பத்தை இன்றும் ஊட்டிவருகிறது.