டார்ட்மூரின் கற்குவியல்களைக் கலைக்காதீர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் வட்டாரத்தில், 954 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் டார்ட்மூர் தேசியப் பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர், மனிதக் கை படாத மேட்டு நிலத்தில் நடப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஹீதர் புதரும் புல்லும் மூடிய சரிவுகளும் இடையிடையே எழும் கிரானைட் பாறை முகடுகளும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் இந்நிலத்தை அளந்து வரைபடமாக்கும் பணியில் இருக்கும் எங்களுக்கு, இங்குள்ள ஓடைக்கரைகளில் பெரும்பாலானவை மண்வெட்டியால் புரட்டப்பட்டவை என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. நூற்றாண்டுகளாக நடந்த வெள்ளீயத் தொழிலின் சுவடுகள் அவை. அந்தச் சுவடுகள் வெறும் மேடுகளாகவும் பள்ளங்களாகவும் தோன்றுவதால்தான் அறியாமலேயே அழிக்கப்படுகின்றன. இதை எழுதத் தூண்டிய கவலையும் அதுதான்.

செம்புடன் சேர்த்து வெண்கலம் வார்க்கவும், பாத்திரங்களின் உட்புறம் பூசவும் பயன்படும் வெள்ளீயம், காசிடரைட் என்னும் கனிமத்திலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து இறுகிய டார்ட்மூர் கிரானைட்டின் விரிசல்களில் இக்கனிமம் நாளங்களாகப் படிந்தது. பின்னர் பாறை சிதைந்தபோது அது மழைநீரோடு அடித்துச் செல்லப்பட்டுப் பள்ளத்தாக்குகளின் சரளைப் படுகையில் தங்கியது. காசிடரைட் நீரைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. அதனோடு கலந்து கிடக்கும் குவார்ட்ஸ் மூன்று மடங்கைக்கூட எட்டாது. அந்தக் கன வேறுபாடே இத்தொழில் முழுவதற்கும் அடிப்படை.

தொழிலாளர்கள் சரளைப் படுகையைத் தாழ்வான முனையிலிருந்து தோண்டத் தொடங்கி, மேல்நோக்கி நகர்ந்தார்கள். வெட்டிய சரளையை ஓடும் நீரில் கொட்டிக் கிளறியபோது மண்ணும் மணலும் அடித்துச் செல்லப்பட்டன. கனிமம் அடியில் தங்கியது. கைக்கு அகப்பட்ட பெருங்கற்களை, வேலை முடிந்து வெறுமையான பின்புறத்தில் வரிசையாக அடுக்கினார்கள். வெட்டுமுகம், அதாவது அவர்கள் அப்போது வெட்டிக்கொண்டிருந்த விளிம்பு, சில அடிகள் முன்னேறியதும், முந்தைய வரிசைக்கு இணையாக அடுத்த வரிசை எழுந்தது. ஆகவே இன்று ஓடையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் நீண்ட கல்மேடுகள் ஒவ்வொன்றும், ஒரு காலத்தில் வெட்டுமுகம் எங்கே நின்றது என்பதைக் காட்டுகின்றன. ஒரு மேட்டின் விளிம்பை மற்றொரு மேடு மூடியிருந்தால், மூடியது பிந்தியது. மேடு சரியாமலிருக்க அடிப்பகுதியில் கைவேலையாகக் கட்டிய கல்முகம் இருந்தால், அதன் மறுபுறத்தில் நீர் ஓடியிருக்கலாம் என்று ஊகிக்கிறோம். இந்த வரிசை ஒழுங்கைத் தவிர அத்தொழிலாளர்கள் தங்கள் அன்றாட வேலையைப் பற்றி வேறு குறிப்பு எதையும் விட்டுச்செல்லவில்லை. இரண்டு மூன்று கற்களை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரிவுகளில் உயரமாகப் பார்த்தால், பிறை வடிவில் மண்ணணை போட்ட சிறு நீர்த்தேக்கங்களையும், அவற்றுக்கு நீர் கொண்டுவந்த மெல்லிய வாய்க்கால்களையும் காணலாம். போஸ்ட்பிரிட்ஜுக்கு அருகே பர்ச் டார் மலைச்சரிவைக் கிழிக்கும் ஆழமான பள்ளங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஆற்றுப்படுகையை விட்டு, தாது நாளத்தையே மேலிருந்து வெட்டி எடுத்த இடங்கள் அவை. இங்குள்ள நாளங்கள் பெரும்பாலும் கிழக்கு-வடகிழக்காக ஓடுவதால், இயல்பான நீரோட்டத்துக்குப் பொருந்தாத திசையில் ஒரு பள்ளம் சென்றால் அது மனிதர் வெட்டியது என்று ஊகிக்கலாம்.

பாறையிலிருந்து எடுத்த தாதுவை இடிக்க வேண்டியிருந்தது. நீர்ச்சக்கரம் சுழற்றிய, இரும்புப் பூண் பூட்டிய மர உலக்கைகள், தட்டையான கிரானைட் கல்லின் மீது விழுந்து விழுந்து குழி பறித்தன. அந்த உரற்கற்களை மேவி, வால்காம் முதலிய ஆறுகளின் கரைகளில் இடிந்த கூடங்களுக்குள் இன்றும் பார்க்க முடிகிறது: ஏறத்தாழ ஒரு சாண் விட்டமுள்ள கிண்ணம் போன்ற குழிகள், இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ, உட்புறம் விரல் வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக இருக்கும். குழி ஆழமாகிப் பயனற்றுப் போனதும் கல்லைப் புரட்டி மறுபக்கத்தைப் பயன்படுத்தினார்கள். துருத்தி ஊதிய உலையில் உருகிய வெள்ளீயத்தை ஊற்றிப் பாளமாக்க, கிரானைட்டில் குடைந்த செவ்வக அச்சுக்கல்லும் அதே கூடத்தில் இருக்கும். பாளங்கள் சாகஃபோர்டு, ஆஷ்பர்ட்டன், டாவிஸ்டாக், பிளிம்ப்டன் ஆகிய நான்கு ஊர்களுக்குச் சென்று, மூலை வெட்டிச் சோதிக்கப்பட்டு, வரி கட்டிய பின்பே விற்பனைக்கு வந்தன. இந்த மூலைவெட்டு முறை 1838 வரை நீடித்தது.

1201இல் ஜான் மன்னரும் 1305இல் முதலாம் எட்வர்டும் வழங்கிய சாசனங்கள் இத்தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் அளித்தன. அவர்களது பிரதிநிதிகள், அந்த நான்கு ஊர்களைச் சார்ந்த வட்டங்களிலிருந்தும் வட்டத்துக்கு 24 பேராக, கிராக்கெர்ன் டார் பாறையில் திறந்தவெளியில் கூடிச் சட்டம் இயற்றினார்கள். இடித்துக் கழுவிய கழிவு ஆறுகள் வழியாகத் துறைமுகங்களைத் தூர்த்ததை எதிர்த்து நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த பிளிம்ப்டன் உறுப்பினர் ரிச்சர்ட் ஸ்ட்ரோடை, இவர்களது நீதிமன்றமே லிட்ஃபோர்டு சிறையில் அடைத்தது. அதன் விளைவாக 1512இல் இயற்றப்பட்ட சட்டம், நாடாளுமன்ற உறுப்பினரின் பேச்சுரிமை வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. ஓடையோரத்துக் கழிவு மேடுகளுக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்பதை நடைபயணிகளிடம் சொல்லும்போது, அவர்கள் அந்த மேடுகளைப் பார்க்கும் முறையே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இப்போது நடக்கும் சேதங்களுக்கு வருகிறேன். மேடுகளிலிருந்து கற்களைப் பொறுக்கி அலங்காரக் கோபுரம் அடுக்குவது மிகப் பரவலாகிவிட்டது. இடிந்த குடில் சுவர்களின் மறைவில் கூடாரம் போடுபவர்கள், காற்றைத் தடுக்கச் சுவரை உயர்த்துகிறார்கள். அனுமதி இல்லாத இடத்திலேயே கல் வளையம் கட்டித் தீ மூட்டுகிறார்கள். அந்த வெப்பத்தில் கிரானைட் வெடிக்கும். அதோடு, அதே தரையில் பழைய உலையின் கரி இருந்தால் அதனுடன் புதிய கரியும் கலந்துவிடும். பிறகு அதிலிருந்து எடுக்கும் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பை நம்ப முடியாது. பிராக்கன் பெரணியின் வேர்த்தண்டுகள் மண்ணடுக்குகளைத் துளைத்துச் செல்வதையும், மலைச்சரிவு மிதிவண்டிகள் வாய்க்கால் கரைகளைத் தேய்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வறண்ட சதுப்பு நிலங்களை மீண்டும் ஈரமாக்கும் பணியை நான் மனமார ஆதரிக்கிறேன். நீர் தேங்கிய மண்ணில் மரப் பொருள்களும் மகரந்தமும் கெடாமல் நிலைக்கின்றன. ஆனால் இயந்திரங்கள் செல்லும் பாதையைத் தீர்மானிக்கும் முன், வானிலிருந்து நிலத்தின் மேடுபள்ளங்களைப் பதியும் லேசர் அலகிடல் படங்களை மட்டும் நம்பாமல், ஒருவர் நடந்து பார்த்தாக வேண்டும். பெரணி படுத்துக் கிடக்கும், சூரியன் தாழ்வாகச் சாயும் குளிர்காலக் கடைசி வாரங்களே அதற்கு ஏற்றவை. கோடையில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால், அப்போது நிழல்கோடாக எழுந்து நிற்கும்.

இங்குள்ள தொழிலிடங்களில் ஒரு பகுதி மட்டுமே பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் தேசியப் பட்டியலில் உள்ளது. பட்டியலிலுள்ள இடத்தில் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பட்டியலில் இல்லாத இடங்களுக்குப் பெரும்பாலும் நம் கவனமே காவல். குழியுள்ள கல்லோ அச்சுக்கல்லோ கண்ணில் பட்டால், புரட்டவோ பாசியைச் சுரண்டவோ வேண்டாம். அருகில் அளவுக்கு ஏதேனும் ஒரு பொருளை வைத்து, கல்லை மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள சுவர், ஓடை, சரிவு எல்லாம் தெரியும்படி படமெடுங்கள். கைப்பேசி காட்டும் அமைவிட எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசியப் பூங்காவின் தொல்லியல் பிரிவுக்கு அனுப்புங்கள். கல் ஏற்கெனவே பதிவில் இருந்தாலும் உங்கள் படம் வீணாகாது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, அது நகர்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு உதவும்.