சுண்டெலியின் தோலடியில் வளர்ந்ததும் பிள்ளையின் வாயில் முளைப்பதும்

பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் அண்மையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையில் கரைந்து, விளிம்பில் மெல்லிய எனாமல் ஓடு மட்டும் நின்றது. ஈறில் சீழ் கட்டியிருந்தது. “பால் பல்லுதான டாக்டர், விழுந்து முளைச்சிரும்லா? இல்லன்னாலும் இப்ப ஸ்டெம் செல் வச்சு முளைக்க வைக்காங்களாமே” என்றார் தாய். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் அது. இதை எத்தனை பெற்றோரிடம்தான் சொல்வது!

ஸ்டெம் செல் செய்தி பொய்யில்லை. ஞானப்பல்லின் கூழில், அதாவது பல்லின் நடுவே உள்ள மென்திசுவில், குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருப்பது 2000இலும், விழும் பால் பல்லில் இருப்பது 2003இலும் வெளியாயின. ஆனால் அவற்றை எங்கே வைத்துச் சோதித்தார்கள் என்பதைக் காணொளிகள் சொல்வதில்லை. கால்சியம் பாஸ்பேட் தூளோடு கலந்து, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்தார்கள்; அங்கே உண்டானவை டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கடினப் பகுதி) போன்ற திசுவும் எலும்பும் மட்டுமே. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் ஈறை விட்டு வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், கூழிலிருந்து எடுக்கும் செல்களைக் கொண்டு முழுப் பல்லை வளர்க்க இன்றுவரை வழியில்லை. 2009இல் ஜப்பானில் சுண்டெலிக்கு முழுப் பல் முளைத்ததென்றால், எலிக்கருவிலிருந்து எடுத்த இருவகைச் செல்களைச் சேர்த்ததால் முளைத்தது. வளர்ந்த பிள்ளையிடம் அத்தகைய செல்கள் ஏது? விலங்கின் மண்டையோட்டில் இட்ட துளை, குருத்தணுக்களை வைத்ததும் எலும்பால் மூடிக்கொண்டதைக் காட்டும் சோதனைகளும் வாய்க்குப் பொருந்துவதில்லை. மெல்லும் பாரம் அந்த எலும்பின் மேல் விழுவதில்லை. ஜப்பானின் கியோத்தோவில் 2024இல் மனிதரிடம் சோதனை தொடங்கிய மருந்து, பிறவியிலேயே பல் இல்லாதவர்களுக்காக உருவாக்கப்படும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி என்னும் புரதம்). அதில் குருத்தணுவே இல்லை.

பால் பல்லைச் சேமித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தொப்புள்கொடி இரத்தத்தைத் தவிர வேறெதையும் வணிக நோக்கில் சேமிக்க இடமளிக்கவில்லை. சாணியில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் உள்ள வீடுகளில் தாராளமாக எறியுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

ஆறு வயது நிரம்பிய பிள்ளையை, வலி வரும்வரை காத்திராமல், தயவுசெய்து ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சொத்தை கூழைத் தொடுமுன் அடைத்தால் அந்தப் பல் பிழைக்கும். சைக்கிளிலிருந்து விழுந்து நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால், அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவராதீர்கள். வேரைச் சுற்றிய திசுவிலும் குருத்தணுக்கள் உண்டு. காய்ந்தால் அவை செத்துவிடும். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் வந்து சேருங்கள்.