மெற்றாபிளேசியா: இழையவகை மாற்றம்

மட்டக்களப்பில், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், நெஞ்செரிவையும் புளிச்ச ஏப்பத்தையும் ‘காஸ்றிக்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் பல்லாண்டுகளாக அமிலம் எதுக்களித்துவந்த ஒருவருக்குக் கமராக் குழாய் விட்டு, களத்தின் (நமது உயிரியல் பாடநூல்கள் உணவுக்குழாயை இப்பெயராலேயே அழைக்கின்றன) அடிப்பகுதியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்தால், அறிக்கையில் ‘மெற்றாபிளேசியா’ என்ற சொல் இடம்பெறக்கூடும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கு கேள்வி.

கிரேக்கத்தில் ‘மெற்றா’ மாறுதலையும் ‘பிளாசெய்ன்’ வனைதலையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை நோயியலில் நிலைபெறச் செய்தவர் ஜேர்மனிய மருத்துவர் ருடொல்ப் விர்ச்சோ. முதிர்ந்த ஓர் இழையவகை இருந்த இடத்தில் முதிர்ந்த வேறோர் இழையவகை அமைவதே இதன் பொருள்.

களத்தின் உட்புறம் இயல்பில் படைகொண்ட செதில் மேலணியால் ஆனது. விழுங்கும் உணவின் உராய்வைத் தாங்கவல்ல அம்மேலணி, அமிலமும் பித்த உப்புகளும் ஓயாது மேலேறி வரும்போது தளர்ந்துபோகிறது. அங்கு நிகழ்வதை வெறும் எரிகாயம் என்று கொள்வது போதாது. கலங்கள் அழற்சியைத் தூண்டும் சைற்றோக்கைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களை வெளிவிடுகின்றன. செதில் மேலணியைப் பேணும் பி63, சொக்ஸ்2 ஆகிய பரம்பரையலகுகளின் வெளிப்பாடு தணிகிறது. வளர்ந்த உடலில் குடலுக்கே உரிய சிடிஎக்ஸ்2 என்ற பரம்பரையலகு களத்திலும் இயங்கத் தொடங்குகிறது. அதன் ஏவலால் எம்யூசி2 என்ற சளியப் புரதம் உருவாக, கிண்ண வடிவக் கலங்கள் கொண்ட கம்ப மேலணி அங்கே அமைகிறது. இதற்குப் ‘பரெற்றின் களம்’ என்று பெயர். ஆயினும் 1950இல் இதை விவரித்த அறுவை மருத்துவர் நோர்மன் பரெற், மார்புக்குள் இழுபட்ட இரைப்பையே இது என்று கருதி, 1957இல்தான் களமே என ஏற்றுக்கொண்டார்.

சிடிஎக்ஸ்2 இயங்கத் தொடங்குவதற்கு அதன் எழுத்துவரிசை (டிஎன்ஏ வரிசை) மாறவேண்டியதில்லை. அதுவரை வாசிக்கப்படாதது வாசிக்கப்படுகிறது, அவ்வளவே. எழுத்துவரிசையே மாறுவது ‘விகாரம்’. புற்றுநோயை நோக்கிய பாதையில் ரிபி53 போன்ற பரம்பரையலகுகளில் நிகழ்வது அதுவே. ஆகவே மெற்றாபிளேசியாவை விகாரம் என்று தமிழாக்குவது நோயாளியை வீணாக அச்சுறுத்தும் பிழையாகும். ‘உருமாற்றம்’ என்றால் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம் குறுக்கிடும். ‘மேலணி மாற்றம்’ என்பதோ, தசையிடையே என்பு உருவாகும் மெற்றாபிளேசியாவுக்குப் பொருந்தாது. ‘இழையவகை மாற்றம்’ என்பதே பொருத்தமானதாக எனக்குப் படுகிறது.

இத்தமிழாக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, பரெற்றின் களத்துக் கலங்கள் செதில் மேலணியிலிருந்து அன்றி, இரைப்பையின் மேல்வாய்க் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்று சான்று காட்டியது. அதன்படி செதில் கலம் கம்பக் கலமாக மாறவில்லை, அண்டையிலிருந்த கலவகை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கலத்திலிருந்து எது பிறந்தது என்று சொல்லாமல், ஓரிடத்து இழையத்தின் வகை மாறியதை மட்டும் சொல்வதால் ‘இழையவகை மாற்றம்’ அந்த விளக்கத்துக்கும் பொருந்துகிறது.