போகாத மூக்கடைப்பும் விடாத இருமலும்

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது மூக்கு அடைத்துக்கொள்கிறது. சரி என்று இடப்பக்கம் திரும்பினால், கொஞ்ச நேரத்தில் வலது திறந்து இடது அடைக்கிறது. நாலு தடவை புரண்டுவிட்டு, கடைசியில் வாயால் மூச்சு விட்டபடியே தூங்கிப்போகிறோம். காலையில் எழுந்தால் தொண்டை வறண்டு எரிகிறது. எச்சில் விழுங்கினால் வலி, கூடவே ஒரு வறட்டு இருமல்.

நாலைந்து நாள் இப்படி இருந்தால் சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிடலாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் குழப்பம். மூக்குக்கு ஒரு சொட்டு மருந்து, தொண்டைக்கு ஒரு மாத்திரை, இருமலுக்கு ஒரு சிரப் என்று தனித்தனியாக வாங்கிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் நிறையப் பேர். மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் ஒரே பாதை. பாதையின் ஓரிடத்தில் கிளம்பும் தொல்லை மற்ற இடங்களில் தெரிகிறது. எங்கே கிளம்புகிறது என்று பார்க்காமல், தெரிகிற இடத்துக்கு மட்டும் மருந்து போடுவதால்தான் பலருக்கு இது தீருவதே இல்லை.

முதலில் அந்தப் பக்கம் மாறும் அடைப்பு. மூக்கை அடைப்பது சளி என்று நினைத்துத்தான் விடாமல் சிந்துகிறோம். ஒன்றும் வராது, அடைப்பும் போகாது. மூக்கின் உள்ளே இரு பக்கமும் சுவரிலிருந்து மும்மூன்று திண்டுகள் புடைத்துக்கொண்டிருக்கும். டர்பினேட் என்பார்கள். அவற்றின் மெல்லிய தோலுக்கு அடியில் பஞ்சு போல ரத்த நாளங்கள். அவற்றில் ரத்தம் நிரம்பினால் திண்டு வீங்கி வழியை மறைக்கும், வடிந்தால் வழி திறக்கும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்குக்கூடச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வடிவது வழக்கம். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895லேயே இதை விவரித்திருக்கிறார். படுக்கும்போது தலைப் பக்கம் ரத்தம் கூடுதலாகத் தேங்கும், அதிலும் கீழ்ப்பக்கத்து மூக்கு அதிகம் வீங்கும். அலர்ஜியோ கிருமியோ ஏற்கெனவே அந்தத் திண்டுகளை வீங்க வைத்திருந்தால், சாதாரண நாளில் நமக்குத் தெரியவே தெரியாத இந்த ஏற்ற இறக்கம் மூச்சு முட்ட வைத்துவிடுகிறது.

மெந்தால் கலந்த தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்துவிட்ட மாதிரி இருக்கிறதே, அதுவும் வேடிக்கையான விஷயம்தான். குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை மெந்தால் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. காற்றின் அளவை அளந்து பார்த்தால் மாற்றம் இருக்காது. தூங்கப் போகும் நேரத்தில் அந்த உணர்வே ஆறுதல் தரும் என்றால் தாராளமாக முகரலாம். கைக்குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்து சளி. சளியை எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது மூக்கின் துப்புரவுப் படை. மூக்கின் உட்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண் மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, மெல்லிய சளிப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும். நாள் முழுக்க இதை விழுங்குகிறோம், தெரிவதில்லை.

வீக்கம் வந்தால் இந்த ஓட்டம் தடைபடுகிறது, சளி கெட்டியாகிறது. கன்னத்து சைனஸை, அதாவது கன்ன எலும்புக்குள் மூக்கோடு இணைந்திருக்கும் காற்றறையை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறையின் வடிகால் துளை அடியில் இல்லை, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மயிரிழைகள் சளியை மேல்நோக்கி ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். துளையைச் சுற்றி லேசாக வீங்கினாலே வடிகால் அடைபட்டு, கன்னம் கனக்கிறது, முகம் வலிக்கிறது. கெட்டியான சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ள, கரகரப்பும் இருமலும் கூடுகின்றன. பச்சை நிறத்தில் வந்தால் உடனே ஆன்டிபயாடிக் கேட்பது பலரின் பழக்கம். அந்தப் பச்சை, கிருமியோடு போராடிய வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் அது வரும். பத்து நாளுக்கு மேல் குறையாமல் இருந்தாலோ, குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலோடு ஏறினாலோதான் பாக்டீரியா என்று சந்தேகிக்க வேண்டும்.

இருமலுக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண சளிக்குப் பிறகு வரும் இருமல் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சராசரி 18 நாள். ஆகவே இரண்டாவது வாரம் இருமுகிறோம் என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். புகை பிடிக்காதவர், எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ காரணமாக இருக்கும்: மூக்கிலிருந்து இறங்கும் சளி, ஆஸ்துமா, வயிற்று அமில எதுக்களிப்பு. மூச்சிரைப்பே இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா உண்டு. நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டையை மட்டும் புண்ணாக்கும் எதுக்களிப்பும் உண்டு. இவை தவிர, பலர் யோசிக்கவே மாட்டாத ஒன்று: எனலாப்ரில், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்குத் தொண்டையைச் சுரண்டுவது போன்ற வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார், இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் தொல்லையை வளர்க்கும். ஒவ்வொரு செருமலும் ஏற்கெனவே கன்றிப்போன குரல்வளையை இன்னும் உரசுகிறது. வாரக்கணக்கில் இருமிய நரம்புகள் கூர்மையாகிவிடும், அப்புறம் சிரிப்பும் குளிர் காற்றும்கூட இருமலைக் கிளப்பும். செருமத் தோன்றும்போது ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பது எளிய வழி, ஆனால் நிஜமாகவே உதவும்.

மருந்தில் நான் அதிகம் கவலைப்படுவது அடைப்பை உடனே திறக்கும் மூக்கு ஸ்ப்ரேக்களைப் பற்றித்தான். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் இரண்டும் அந்தப் பஞ்சு நாளங்களைச் சுருக்கிவிடும். ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறக்கும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போதும். அதற்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் நாளங்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். உடனே இன்னொரு தடவை அடிப்போம். இப்படி மாதக்கணக்கில் மாட்டிக்கொள்பவர்களுக்கு, மூக்கை அடைப்பதே அந்த மருந்துதான்.

நாள்பட்ட அலர்ஜிக்கும் சைனஸுக்கும் உதவுவது புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள். இவை அடித்தவுடன் திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் தினமும் போட வேண்டும். பலர் மூன்றாம் நாளே பலனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடிக்கும் விதமும் முக்கியம். தலையை அண்ணாந்து கொள்ளாமல் லேசாகக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்போது முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி அந்தப் பக்கத்துக் கண்ணை நோக்கும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடித்தபின் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், மெதுவாக மூச்சிழுத்தால் போதும்.

அதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது இன்னும் நல்லது. 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். நேராகக் குழாயில் பிடித்த தண்ணீரில், அரிதாகவே என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும். குடித்தால் அது ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் உயிருக்கே ஆபத்து.

எதுக்களிப்பு என்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டை ஒரு சாண் உயர்த்துவதும் பலன் தரும். காலையில் எழுந்ததும் தும்மல் அடுக்கினால் மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியைச் சந்தேகியுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும். ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் இதம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ராத்திரி வியர்வை, மூச்சுத் திணறல், மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம், ஒரே பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். காசநோய் பரவலாக இருக்கும் இடங்களில் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கே சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், உள்ளே மணியோ பஞ்சோ சிக்கியிருக்கிறதா என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்தப் பக்கம் அடைக்கிறது, படுத்தால் கூடுகிறதா, சாப்பிட்டபின் இருமுகிறதா, எந்த மாத்திரை தொடங்கிய பிறகு இது வந்தது. ஸ்கேனுக்கு முன் அவர் கேட்கப்போவது இதைத்தான்.