ஹீரோ வீட்ல இல்ல, சர்வர்ல இருக்காரு

போன வருசம் எங்க அக்கா மகனோட கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. செல்லூர்ல அன்னைக்கு கரண்ட் நாலு தடவ போய்ப் போய் வந்துச்சு, அஞ்சாவது தடவ ஆன் பண்ணா கடக் கடக்னு சத்தம் மட்டும்தான் வருது. பய ஒடஞ்சு போயிட்டான். எட்டு மாசமா வெளாண்ட சூப்பர் ஹீரோ கேம், பொங்கக் காசு சேர்த்து வச்சு ஹீரோவுக்கு வாங்குன ரெண்டு ஸ்கின் (ஹீரோவுக்கு மாட்டுற புது வேசம்), அம்புட்டும் போச்சு மாமான்னு சாப்பிடாம படுத்துட்டான். டவுன்ஹால் ரோட்ல புது டிஸ்க் வாங்கி மாட்டி, ராத்திரி பூராம் டவுன்லோட் போட்டு, காலைல லாகின் பண்ணுனா ஸ்கின், லெவல், ரேங்க் எல்லாம் வச்ச எடத்துல அப்படியே இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள், கரண்ட் இருக்கு, நெட் இருக்கு, டிஸ்க் புத்தம் புதுசு, ஆனா கேம் தொறக்கல. சர்வர் மெயின்டனன்ஸ்னு ஒரு அறிவிப்பு மட்டும் நிக்குது. யார் கூடயும் மோத வேணாம், தனியா நின்னு பழகிக்கிறேன்னாலும் விடல. இந்த ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், லைவ் சர்வீஸ் கேம், அதாவது கம்பெனியோட கம்ப்யூட்டரான சர்வர் கூட பேசிக்கிட்டே ஓடுற கேம், எப்படி ஓடுதுன்னு அதுலயே இருக்கு.

நம்ம டிஸ்க்குல இறங்குறது படம், சத்தம், மேப், ஹீரோவோட உருவம் இதெல்லாம்தான், அதான் அம்புட்டு ஜிபி. ஆனா இவன் இந்த ஆளு, இவன்கிட்ட இந்த ஸ்கின் இருக்கு, இந்த லெவல்ல நிக்கிறான்ங்குற கணக்கு கம்பெனியோட டேட்டாபேஸ்ல ஒரு வரியா இருக்கு. காசு குடுத்து வாங்குனது படத்தை இல்ல, அந்த வரியைத்தான். ஸ்கின்னோட படம் வாங்காதவன் டிஸ்க்குலயும் இருக்கும், இல்லன்னா நாம அத மாட்டிக்கிட்டு வந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?

சண்டையும் அப்படித்தான். நாம பட்டன அமுக்குனதும் ஹீரோ குத்துறாருல்ல, அது அடிச்சேன்னு சர்வருக்கு அனுப்புற விண்ணப்பம் மட்டுந்தான். அடி பட்டுச்சா, எதிராளிக்கு எவ்ளோ உசுரு குறைஞ்சுச்சுன்னு முடிவு பண்றது சர்வர். நம்ம மெசின நம்புனா எவன் வேணா நம்பர மாத்தி ஏமாத்திருவான். ஆனா ஒவ்வொரு அடிக்கும் பதில் வர்ற வரைக்கும் காத்திருந்தா கை கட்டுனாப்ல இருக்கும், அதனால நம்ம கம்ப்யூட்டர் ஒரு வேல பண்ணுது, சர்வர் ஒத்துக்கும்னு யூகிச்சு ஹீரோவ உடனே நகர்த்திருது. யூகம் தப்பாப் போனா சர்வர் சொன்ன எடத்துக்கு இழுத்துட்டு வந்து விடும், ஓடிக்கிட்டே இருந்த ஆளு சடார்னு பின்னாடி போய் நிப்பாரே அது இதுதான், ஹீரோ மேல குத்தம் இல்ல.

பிங், அதாவது நம்ம சேதி சர்வருக்குப் போய் பதில் திரும்பி வர்ற நேரம், எதனால வருதுன்னு கேட்டா தூரம் ஒரு காரணம், அத எந்த ரீசார்ஜ் போட்டும் மாத்த முடியாது. பைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா மதுரையில இருந்து சென்னைக்கு ஒரு 460, அங்கிட்டு கடலுக்கடியில சுமார் 3,200 கிலோமீட்டர். போக வர ஒளிக்கே 36 மில்லி செகண்ட் ஆயிரும், நடுவுல இருக்குற ரூட்டர் எல்லாம் அதுக்கு மேல.

இப்ப காசு விசயம். கேம விக்கிறது ஒரு தடவ, சர்வர் வாடகையும் ஆளுங்க சம்பளமும் மாசாமாசம். மதுரை தமுக்கம் மைதானத்துல சித்திரைப் பொருட்காட்சி போட்ட காலத்துல ராட்டினம் சுத்துச்சுல்ல, அது மாதிரி. கூட்டம் இருக்குற வரைக்கும் மோட்டார் ஓடும், கூட்டம் வரணும்னா வருசா வருசம் புது ராட்டினம் எறக்கணும். அதுக்குத்தான் சீசன், புது ஹீரோ, பேட்டில் பாஸ் (காசு குடுத்து வாங்கி, வெளாட வெளாட பரிசு தொறக்குற சீட்டு), இன்னைக்கு மட்டும்னு ஒரு ஆபர். 2024 டிசம்பர் 6ல வந்த மார்வல் ரைவல்ஸ் காசில்லாம வெளாட்ற கேம், மூணே நாள்ல 1 கோடிப் பேரு உள்ள வந்தாங்க. அதுல வாங்குன பேட்டில் பாஸ் சீசன் முடிஞ்சாலும் காலாவதி ஆகாது, பையப் பைய முடிச்சுக்கலாம். பரீட்ச நேரத்துல பசங்கள வெரட்டாம இருக்குல்ல, நான் இத நல்ல மனசுன்னுதான் சொல்லுவேன்.

கூட்டம் குறைய ஆரம்பிச்சா கேம் தன்னையே தின்னுரும். ஆள் கம்மியானா மேட்ச் கிடைக்க நேரமாகும், நேரமாச்சுன்னா இருக்குறவனும் போயிருவான், அப்புறம் இன்னும் நேரமாகும். 2020 செப்டம்பர்ல வந்த மார்வல்ஸ் அவெஞ்சர்ஸுக்கு 2023 மார்ச் 31ஓட அப்டேட் நின்னுச்சு, அந்த செப்டம்பர் 30ல கடையில இருந்தும் எடுத்துட்டாங்க. ஆனா போறப்ப காசுக்கு வித்த டிரஸ் எல்லாத்தையும் எல்லாருக்கும் சும்மா தொறந்து விட்டாங்க, கேம் வச்சிருந்தவங்க தொடர்ந்து வெளாடவும் முடிஞ்சுச்சு.

சூசைட் ஸ்குவாட்ங்குற கேமுக்கு நடந்தது இன்னும் தெளிவாக் காட்டும். 2024 ஜனவரி கடைசியில, கூட காசு குடுத்தவங்களுக்கு முன்னாடியே தொறந்தாங்க, உள்ள போன சில பேருக்கு ஒரு சண்டைகூட போடாம மொத்தக் கதையும் முடிஞ்சதாக் காட்டிருச்சு. தனியா வெளாட்ற கதையோட கணக்குகூட சர்வர்லதான இருந்துச்சு, அங்க எழுதுனது தப்பு, அதனால இவன் வீட்ல கதை முடிஞ்சு போச்சு! சர்வர இறக்கி பல மணி நேரம் சரி பண்ணாங்க. அந்த கேம வெளியிட்டு 20 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதுன வார்னர் பிரதர்ஸ், அந்த டிசம்பர்லதான் நெட் இல்லாம வெளாட்ற மோட குடுத்துச்சு. முதல் நாளே குடுத்திருக்கணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், கதை முடியுற எடம் தெரிஞ்சே கட்டுன கேமுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லன்னு சொல்லல, பெரிய வேலைதான், அதனாலதான் அஸ்திவாரத்துலயே போடணும்ங்குறேன்.

சர்வர் நின்னா எல்லாம் முடிஞ்சுச்சான்னா சிட்டி ஆப் ஹீரோஸப் பாக்கணும். 2004ல வந்த சூப்பர் ஹீரோ ஆன்லைன் கேம், நாமளே ஒரு ஹீரோவ உருவாக்கிக்கலாம், 2012 நவம்பர் 30ல மூடிட்டாங்க. ஆளுங்க டிஸ்க்குல கேம் இருந்துச்சு, ஆனா பேச சர்வர் இல்லாததால அது வெறும் படப் பெட்டி. 2019ல அந்த சர்வர் ப்ரோக்ராம் வெளிய வந்ததும் ரசிகர்களே அத ஓட்ட ஆரம்பிச்சாங்க, 2024 ஜனவரில ஹோம்கமிங்ங்குற ரசிகர் குழுவுக்கு, கேமுக்குச் சொந்தக்கார என்சிசாப்ட் கம்பெனியே லைசென்ஸ் குடுத்துருச்சு. சர்வர் செலவுக்கு நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கிற மாதிரி வெளாட்றவங்ககிட்டயே பிரிச்சுக்கிறாங்க.

இத சொன்னதும் பய எந்திரிச்சு உக்காந்துட்டான். "மாமா, அப்ப அவங்க பழைய ஹீரோ திரும்ப வந்துச்சா?" இல்லடா, அந்த டேட்டாபேஸ் வரி வரல, ஒவ்வொருத்தரும் அதே பேர்ல, அதே டிரஸ்ல, முதல் லெவல்ல இருந்து திரும்ப செஞ்சாங்கன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா கேம்ல அவன் ஹீரோ நிக்கிற ஸ்கிரீன ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு இருக்கான்.