வால்வைத் திறக்கவும் கரண்ட் வேண்டும்

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. ஜப்பானில் நிலம் குலுங்கியதுமே ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டமிட்டபடிதான் நடந்தது.

உலை நின்றாலும் சூடு நிற்காது. பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல் வெப்பம் வரும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். 2ஆம் உலையின் வெப்பத் திறன் 2,381 மெகாவாட். அதில் அரை சதவீதமே சுமார் 12 மெகாவாட்! அந்த வெப்பம் உள்ளே இருக்கும் தண்ணீரை ஓயாமல் கொதிக்கவைக்கும். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சுனாமி வந்தது. முதல் நான்கு உலைகள் நின்ற தரைமட்டம் கடலிலிருந்து 10 மீட்டர். தண்ணீர் அதையும் தாண்டி ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. மின் விநியோகப் பலகைகளும் அங்கேதான். 1, 2ஆம் உலைகளுக்குப் பேட்டரி மின்சாரமும் போய்விட்டது. 2ஆம் உலையில் உலையின் நீராவியாலேயே சுழலும் ஒரு பம்பு மட்டும், கட்டுப்படுத்த மின்சாரம் இல்லாமலேயே, ஏறக்குறைய மூன்று நாள் தண்ணீர் ஊற்றித் தாக்குப்பிடித்தது. 14ஆம் தேதி அதுவும் ஓய்ந்தது.

சரி, தீயணைப்பு வண்டிதான் இருக்கிறதே, அதை வைத்துத் தண்ணீர் ஏற்றக் கூடாதா? இங்கேதான் அழுத்தம் குறுக்கே வருகிறது. உலைக் கலத்துக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 70 மடங்கு. அதை எதிர்த்துத் தண்ணீரைத் தள்ளும் வலு தீயணைப்பு பம்புக்கு இல்லை. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும்.

அதற்கென்றே உலையில் பாதுகாப்பு வால்வுகள் உண்டு. அவை இரண்டு விதமாகத் திறக்கும். அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங் தானே விட்டுக்கொடுக்கும், குக்கர் வெயிட்டைப் போல. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் கொஞ்சம் இறங்கியதுமே மூடிக்கொள்ளும். கலம் வெடிக்காமல் காப்பாற்றுமே தவிர, அழுத்தம் 70ஐ ஒட்டியே நிற்கும். முழுவதும் இறக்க வேண்டுமானால் வால்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது நைட்ரஜன் வாயு. அந்த வாயுவுக்கு வழிவிடும் குட்டி வால்வு மின்சாரத்தில் இயங்குவது. சின்ன வேலைதான், பேட்டரி போதும். அந்தப் பேட்டரிதான் இல்லை.

ஊழியர்கள் கார்களிலிருந்து 12 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். பத்தை வரிசையாக இணைத்தால் 120 வோல்ட். விளக்கில்லாத கட்டுப்பாட்டு அறையில் ஒயர்களை மாட்டினார்கள். 14ஆம் தேதி மாலை நாலரை மணிக்குத் தொடங்கி, ஒரு வால்வு மாற்றி இன்னொன்று என்று முயன்றார்கள். ஆறு மணி வாக்கில்தான் அழுத்தம் இறங்கியது. அப்புறம் பார்த்தால் தீயணைப்பு வண்டியில் டீசல் தீர்ந்திருந்தது. எட்டு மணியை நெருங்கும்போதுதான் கடல்நீர் உள்ளே போயிற்று. அதற்குள் உலையிலிருந்த அணு எரிபொருள் தண்ணீருக்கு வெளியே தெரியும் நிலை வந்துவிட்டது. 2ஆம் உலையும் உருகியது.

அந்த ஊழியர்களின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அவர்கள் செய்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. பேட்டரியை வெள்ளம் எட்டும் இடத்தில் வைத்தது பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த தவறு. அதே நிலையத்தில் 6ஆம் உலையின் ஒரு ஜெனரேட்டர் தப்பியது. அது காற்றால் குளிர்வது, கடல்நீர் பம்பை நம்பியிருக்கவில்லை. அந்த ஒன்றே 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றியது.

நம் கூடங்குளம் உலைகளில் இதே கவலைக்கு வேறு வழி உண்டு. மின்சாரம் முழுவதும் போனாலும், நீராவி தானாக மேலே ஏறி வெளிக்காற்றில் குளிரும் குழாய்களுக்குள் போய்த் தண்ணீராகி, தன் எடையாலேயே திரும்ப இறங்கும். பம்பு வேண்டாம். வெப்பம் வெளியேறுவதால் அழுத்தமும் கூடவே இறங்கும்.