ஹிப்னோதெரபி: "அவருக்கே தெரியாம செஞ்சிட முடியுமா?"

"என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறாரு. கூட்டிட்டு வந்தா, அவருக்கே தெரியாம குடியை மறக்க வெச்சிட முடியுமா மேடம்?" "எங்க பாப்பா மனசுல இருந்து அந்தப் பையனை எடுத்துடணும், எத்தனை சிட்டிங் ஆகும்?" "கொலுசுப் பட்டறையில அரை கிலோ வெள்ளி காணோம். வேலை பாக்குற பையனை உட்கார வெச்சு உண்மையைக் கேட்டுச் சொல்வீங்களா?"

சேலத்தில் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாஸிஸ் கொண்டு தரும் சிகிச்சை, செய்பவர்களுக்கு வரும் தொலைபேசி விசாரிப்புகளில் இந்த ரகம் அதிகம். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: முடியாது. யாராவது முடியும் என்று சொன்னால் அவரிடம் போக வேண்டாம்.

ஹிப்னாஸிஸ் (அறிதுயில்) என்பது எதிரே இருப்பவர்மீது ஏவிவிடுகிற சக்தி அல்ல. கவனத்தை ஓரிடத்தில் குவித்து, சுற்றுமுற்றும் நடப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சொல்லப்படும் காட்சியை உடம்பே உணரும் அளவுக்கு மனதில் கொண்டுவருவது. அந்த வேலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடையது. சிகிச்சையாளர் வழி சொல்கிறார், அவ்வளவே. சீரியலில் மூழ்கியவருக்குக் குக்கர் விசில் காதில் விழாதே, அதற்குப் பக்கத்தில் வரும் நிலை இது. தூக்கம் அல்ல. இடையில் பேசலாம், இருமலாம், பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம். "உள்ளேயே மாட்டிக்கொண்டால்?" என்று கேட்கிறார்கள். வழிகாட்டும் குரல் நின்றுபோனால் சிறிது நேரத்தில் கண் தானாகத் திறக்கும், அல்லது சாதாரணத் தூக்கமாகி விழிப்பு வரும்.

சம்மதம் இல்லாதவரிடம் இது நடக்காது என்பதற்குக் காரணம் இதுதான். பெண்ணின் மனதிலிருந்து ஒருவரை அழிப்பதும் நடக்காது. அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை, படிப்பு போகிறது, வீட்டில் தினமும் சண்டை என்றால் அதற்கு உதவி உண்டு. ஆனால் அப்போது எங்களுக்கு நோயாளி அவர்தான். கட்டணம் கட்டிய அப்பா அல்ல. அந்தப் பெண் சொல்வது அவர் அனுமதியின்றி அறையை விட்டு வெளியே வராது.

காணாமல்போன வெள்ளி விஷயத்தில் ஆபத்து வேறு. அறிதுயில் நிலையில் நினைவு கூடுதலாக வருவதில்லை. நினைவின் மீதான நம்பிக்கைதான் கூடுகிறது. கேள்வியிலேயே ஒரு பெயர் ஒளிந்திருந்தால், அந்தப் பெயருக்கு ஒரு காட்சியையே மனம் கட்டிக்கொடுத்துவிடும், சொல்பவரும் சத்தியம் செய்வார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே இதைச் சொல்லி எச்சரித்தது. முற்பிறவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லும் அமர்வுகளும் இதே குழியில்தான் விழுகின்றன. அங்கே பார்க்கும் அரண்மனையும் போர்க்களமும் பார்த்த சினிமாவிலிருந்தும் கேட்ட கதையிலிருந்தும் மனம் நெய்து தருவது. பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "போன ஜென்மத்தில் உன் மாமியார்தான் உன்னைக் கொன்றாள்" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் மருமகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

குடிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையொட்டிய நாட்களில் குழப்பமும் இல்லாதது கண்ணில் தெரிவதும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே முதல் படி ஆஸ்பத்திரி, மாத்திரை, வைட்டமின் ஊசி. மனதிடம் பேசுவது அதற்குப் பிறகு, அவரே விரும்பி வந்தால்.

எல்லாருக்கும் வருமா?

ஓரளவுக்குப் பெரும்பாலோருக்கு வரும். நன்றாக ஆழ்ந்து போகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவு, ஏறக்குறைய அதே அளவினருக்கு எதுவுமே பெரிதாக நடக்காது, மற்றவர்கள் நடுவில். இந்தத் திறன் படிப்பையோ மன உறுதியையோ பொறுத்ததல்ல. "நான் ரொம்ப ஸ்ட்ராங், எனக்கு வராது" என்று பெருமைப்படவும் ஒன்றுமில்லை, "எனக்கு வரலையே" என்று வருந்தவும் ஒன்றுமில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1959-லிருந்து உருவாக்கிய அளவுகோல்களில், நீட்டிய கை கனத்துத் தானாக இறங்குகிறதா, கோத்த விரல்களைப் பிரிக்க முடிகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இல்லாத கொசுவின் ரீங்காரம் கேட்கிறதா என்பதும் அதில் ஒரு சோதனை. நம் ஊரில் அதற்கு மட்டும் மதிப்பெண் போடுவது கஷ்டம், நிஜக் கொசுவே வந்து பரீட்சை எழுதிவிடும்.

எதற்கு உதவும் என்பதில் நியாயமான ஆதாரம் உள்ள இடங்கள் சில உண்டு. வலி அவற்றில் பழையது. குளோரோஃபார்ம் வருவதற்கு முன்பே, 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதற்கு முன்னோடியான முறையைக் கொண்டு அறுவைசிகிச்சைகள் செய்தார். 1997-இல் மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனில் காட்டியது இன்னும் நுட்பமானது: சுடுநீரில் கை வைத்தவர்களிடம் "இது அவ்வளவு தொல்லையாக இல்லை" என்று ஆலோசனை கொடுத்தபோது, வலியின் துன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் இயக்கம் மாறியது, தொடு உணர்வுப் பகுதி பெரிதாக மாறவில்லை. அதாவது வலி இருக்கும், அது படுத்தும் பாடு குறையும். பல் பிடுங்கும் பயம், ஊசிப் பயம், எம்ஆர்ஐ குகைக்குள் போகும் பயம், நாள்பட்ட முதுகுவலி ஆகியவற்றுக்கு மருத்துவச் சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ளலாம். சிகரெட்டை ஒரே அமர்வில் விட வைப்போம் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் வலுவாக இல்லை. எடை குறைப்பிலும் துணைக் கருவி மட்டுமே.

வயிற்றுக் கோளாறு தனிக்கதை. குடலுக்குள் குழாய் விட்டு ஸ்கோப்பி பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல், ஆனாலும் காலையில் நான்கு தடவை ஓட வேண்டியிருக்கிறது, பஸ் ஏறுமுன் கழிவறை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது: இதை ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்பார்கள். மான்செஸ்டர் மருத்துவர்கள் 1984-இல் மருந்துக்கு மசியாத 30 பேரிடம் செய்த ஆய்விலிருந்து இதற்கான ஹிப்னோதெரபி வளர்ந்தது. ஓராண்டு மருந்தில் தீராதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று 2008-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு சொன்னது. முறை எளிமையானது. கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, உள்ளங்கையின் சூடு உள்ளே இறங்குவதை உணரச் சொல்வது. பிறகு குடலின் ஓட்டத்துக்கு ஒரு நீரோட்டக் காட்சி. வயிற்றுப்போக்குக்காரரிடம், மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரை மதகை மெல்ல இறக்கி வாய்க்கால் அளவுக்குக் குறைக்கச் சொல்லலாம். மலச்சிக்கல்காரருக்கு அதே மதகை ஏற்ற வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் சொல்லிவிடுகிற புதியவர்களும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, இரவில் தூக்கத்தை எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பதைத் தாண்டி புதிதாகத் தொடங்கிய மாற்றம் இவற்றில் எது இருந்தாலும் முதலில் குடல் மருத்துவர். இல்லாத பேச்சு காதில் கேட்பது, அளவுகடந்த உற்சாகமும் தூக்கமின்மையும், தற்கொலை எண்ணம் இருந்தால் இந்த நாற்காலி சரியான இடமல்ல. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஏற்காடு பஸ் பயம்: ஓர் உதாரணம்

அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். "எனக்கு மலைப்பாதையே ஆகாது" என்று வருபவரிடம் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, அது பயமா பயண வாந்தியா என்பது. ஐந்தாறு வளைவு ஏறியபின் எச்சில் ஊறி, கொட்டாவி வந்து, குமட்டி, வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தெளிந்தால் அது காதின் உட்பகுதி செய்யும் வேலை. முன்சீட்டில் உட்கார்ந்து, செல்போனைப் பார்க்காமல், தூரத்துச் சாலையில் கண் வைத்து, மருத்துவரிடம் கேட்டு ஒரு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டால் போதும். இதற்கு ஹிப்னோதெரபிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முந்தின இரவே தூக்கம் போய், அடிவாரத்திலேயே நெஞ்சு படபடத்து, "பஸ் உருண்டுடும்" என்று கம்பியை இறுக்கிப் பிடித்தால், அது பயம்.

முதல் அமர்வு முழுக்கப் பேச்சுதான், ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், தைராய்டு பார்த்தாரா (அது கூடினாலும் படபடப்பு வரும்), தண்ணீர், உயரம், பூட்டிய அறை என்று வேறு பயங்கள் உண்டா. கடைசிக் கேள்வி சம்பிரதாயத்துக்கு அல்ல. கிணற்றில் விழுந்து பிழைத்தவரைக் கற்பனையில் ஏற்காடு ஏரிப் படகில் உட்கார வைத்து "அமைதியை உணருங்க" என்றால் அவர் அலறி எழுவார். இந்தப் பக்கத்துச் சிகிச்சையாளர்களுக்கு, நிலையை ஆழப்படுத்த "இருபதாவது வளைவு, பத்தொன்பதாவது வளைவு" என்று எண்ணிக்கொண்டே இறங்குவது பிடித்தமான வழி. அழகான வழிதான், மலைப்பாதைப் பயம் உள்ளவரிடம் மட்டும் ஆகாது. அவருக்கு வீட்டுத் திண்ணைப் படிகள் போதும்.

இரண்டாம் அமர்வுக்கு வயிறு முட்டச் சாப்பிடாமல், பட்டினியாகவும் இல்லாமல் வரவும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடவும். படுக்கையைவிடச் சாய்வு நாற்காலி நல்லது. படுத்தால் நிஜத் தூக்கமே வந்துவிடும். தொடுவதாக இருந்தால் மணிக்கட்டு அளவில், அதுவும் முன்பே கேட்டுவிட்டு. பெண்கள் துணைக்கு ஒருவரை அறையிலேயே உட்கார வைத்துக்கொள்ளக் கேட்கலாம். மறுக்கும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடவும்.

பிறகு நடப்பது பார்ப்பவருக்குச் சுவாரசியமே இல்லாதது. "அந்தச் சுவர்ப் புள்ளியையே பாருங்க. மூச்சை வெளிய விடும்போது தோளும் கீழ இறங்கட்டும். இமை கனத்தா மூடிக்கலாம், அவசரமில்ல. வெளிய ஹாரன் சத்தம் கேக்கும், கேக்கட்டும், ஒவ்வொரு சத்தத்துக்கும் இன்னும் கொஞ்சம் உள்ள போறீங்க." பத்து நிமிடம் இப்படிப் போகும். முழு அமைதி தேவையில்லை. ஆயுள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்தவருக்கு அமைதியான அறைதான் உறுத்தும். உடல் தளர்ந்தபின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, அந்த அழுத்தத்தோடு தளர்ச்சியைப் பழக்குவார்கள். அடுத்து அடிவாரம், முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று மனதில் ஏறுவது. பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று விரலால் காட்டச் சொல்லி, ஆறைத் தாண்டினால் நிறுத்தி, விரலை அழுத்தித் தளர்ந்து, மறுபடி அதே வளைவு. அழுகை வந்தால் அழவிடுவார்கள். "ஏன் அழறீங்க, சின்ன வயசுல என்ன நடந்துச்சு" என்று தோண்டுபவர் பயிற்சி போதாதவர்.

முடிக்கும் விதத்தில்தான் அதிகம் பிசகுகிறது. கை கனக்கிறது என்று சொல்லியிருந்தால், அந்தக் கனத்தை எடுத்துவிட வேண்டும். அதை மறந்து "ஒன்று, இரண்டு, மூன்று, எழுந்திருங்க" என்று முடித்தால் தலைபாரமும் கிறக்கமும் சிறிது நேரம் நிற்கலாம். மெதுவாக ஐந்துவரை எண்ணி, கை கால் நீட்டி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்தபின்தான் வண்டி எடுக்க வேண்டும்.

வீட்டில் தினமும் 15 நிமிடம் ஒலிப்பதிவோடு பயிற்சி. வண்டி ஓட்டும்போதோ தறியில் நிற்கும்போதோ காதில் மாட்டக் கூடாது. நாற்காலியில் பயம் மூன்றுக்குக் கீழே வந்ததும் நிஜ வளைவுக்குப் போக வேண்டும், சனி ஞாயிறு நெரிசலில் அல்ல, வார நாள் காலையில்: தெரிந்தவர் ஓட்டும் காரில் நான்கைந்து வளைவு ஏறித் திரும்புவது, பிறகு பாதி மலை, பிறகு பஸ். இந்தப் படியை விட்டுவிட்டவர்கள், மனதில் மட்டும் ஏற்காடு போய்வந்துகொண்டே இருப்பார்கள்.

யாரிடம் போவது

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, தகுந்த பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் இதற்கென்று தனி கவுன்சில் இல்லாததால் வார இறுதி வகுப்புச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவரும் போர்டு வைக்கிறார். ஆகவே அடிப்படைத் தகுதியைக் கேளுங்கள்: மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண். கேட்டால் கோபப்படுபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சர்க்கரை, வலிப்பு போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டாலும் தர வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பயத்துக்கும் வலிக்கும் பொதுவாக நான்கிலிருந்து எட்டு அமர்வுகள், வாரம் ஒன்று. வயிற்றுக்குப் பன்னிரண்டு வரை போகலாம். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் தினமும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாருங்கள், "கொஞ்சம் பரவாயில்ல" என்று வாயால் சொல்வதை விட அது நம்பகமானது. நான்காவது அமர்வில் நோட்டை மேசைமேல் வைத்துப் பாருங்கள். எண் நகரவே இல்லை என்றால், ஐந்தாவதைப் பதிவு செய்யாமல் வேறு என்ன வழி என்று அவரிடமே கேட்கலாம்.